எலியாவுக்கு ஒரு பிடி அவல்

அவல் என்றதும் குசேலரை நினையாத தமிழர் இரார். கந்தைத் துணியில் முடிந்துகொண்டு போன அந்த ஒரு பிடி அவலும், அதைப் பறித்து வாயிலிட்டுக்கொண்ட கண்ணனும் நம் குழந்தைகளுக்குப் பால் மணம் மாறுவதற்கு முன்பே பழக்கமாகிவிடுகிறார்கள். ஆகவே, அவலுக்கு உரியவர் கண்ணபிரான் ஒருவரே என்று என் முப்பத்தைந்தாவது வயது வரையில் நானும் எண்ணியிருந்ததில் வியப்பில்லை. அதற்கு மற்றொரு பாத்தியதைக்காரரும் உண்டு என்பதை 2013ஆம் வருஷம் தை மாதத்தில், பம்பாயில் ஒரு யூத நண்பரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். (அந்நகருக்கு மும்பை என்று பெயர் மாறி வெகு காலமாகிறது, என் நாக்குத்தான் இன்னும் மாறவில்லை.) அவருடைய பெயர் எலியா. யோர்தான் நதிக்குக் கிழக்கே கீலேயாத் நாட்டில், கிறிஸ்து பிறப்பதற்கு எண்ணூற்றைம்பது வருஷங்களுக்கு முன் வாழ்ந்த தீர்க்கதரிசி.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்பது மா நிலம் உண்டு. நான் பட்டம் பெற்று உபாத்தியாயர் உத்தியோகத்துக்காகப் பம்பாய் போய்விட்டபின், தகப்பனார் ஒருவரே அதைக் கவனித்து வந்தார். ஜூன் 12ஆம் தேதி என்பது எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு பண்டிகை. அன்றைக்கு மேட்டூர் அணையைத் திறந்தால் குறுவை உண்டு, இல்லையேல் இல்லை. தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் அப்பா எனக்கு டெலிபோன் செய்வார். "வந்துடுத்துடா" என்ற ஒரே வார்த்தைதான். எது வந்தது என்று நானும் கேட்கமாட்டேன்.

2012ஆம் வருஷம் அந்த டெலிபோன் வரவில்லை. செப்டம்பர் 17ஆம் தேதிதான் அணையைத் திறந்தார்கள். குறுவை அடியோடு போயிற்று. சம்பாவாவது வரும் என்று அப்பா கடன் வாங்கி விதைத்தார். வானமும் ஏமாற்றியது, வாய்க்காலும் ஏமாற்றியது. கதிர் பால் பிடிக்கவேண்டிய சமயத்தில் பயிர் நின்றபடியே காய்ந்தது. அதற்குப் பிறகு நான் டெலிபோனில் எதைக் கேட்டாலும் "உம்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் இல்லை. எழுபது வயதில் ஒரு மனிதர் பேச்சை விட்டுவிட்டால் அதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று எந்தப் போதனா முறைப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் என்னுடன் வேலை பார்த்த பூகோள உபாத்தியாயர், தம் தாயார் பெரிய வியாதியிலிருந்து பிழைத்து எழுந்ததற்காக வீட்டில் ஒரு பிரார்த்தனை நடக்கப்போவதாகச் சொல்லி என்னை அழைத்தார். அவர் பெனே இஸ்ரவேல் என்ற வகுப்பைச் சேர்ந்தவர். "இஸ்ரவேலின் மக்கள்" என்பது அதன் பொருள். பற்பல நூற்றாண்டுகளுக்கு முன் கொங்கணக் கரையில் நவகாவ் என்னுமிடத்தருகே ஒரு கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரை ஏறினார்களென்றும், அவர்கள் வழி வந்தவர்களே தாங்களென்றும் அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். புத்தகங்கள் கடலோடு போயின. ஆண்டவன் ஒருவனே என்று சாற்றும் ஷெமா என்ற பிரார்த்தனை மாத்திரம் வாயில் மிஞ்சியது. செக்காட்டிப் பிழைத்தார்கள், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று பெயரிட்டார்கள். சனிக்கிழமையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நமக்கும், சனிக்கிழமையில் எண்ணெயே ஆட்டாத அவர்களுக்கும் அடுத்தடுத்துக் குடியிருப்பதில் எந்தச் சச்சரவும் நேர்ந்ததில்லை!

பின்னால் கொச்சியிலிருந்தும் பாக்தாத் முதலிய ஊர்களிலிருந்தும் வந்த யூதர்களிடம் இவர்கள் எபிரேய மொழியையும் முழு வழிபாட்டையும் மறுபடி கற்றுக்கொண்டார்கள். பம்பாயில் இவர்களுடைய முதல் ஜபாலயம் 1796இல் எழுந்தது. அதைக் கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்ற இராணுவ அதிகாரி. மைசூர்ச் சண்டையில் திப்பு சுல்தானிடம் கைதியாக அகப்பட்டு உயிர் தப்பினால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, தப்பிவந்து கட்டினாராம். அதை ஜனங்கள் 'மசீத்' என்றே அழைத்தார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மஸ்ஜித் என்ற பெயர் வந்ததும் அதனாலேதான் என்பர்.

யூதர்களின் பிரார்த்தனை தினம் மூன்று வேளை. நம் சந்தியாவந்தனத்தைப் போலவே காலை, பகல், மாலை என்று அதற்கு நேரம் உண்டு. பத்து ஆண்கள் கூடினால்தான் சபைப் பிரார்த்தனை பூர்த்தியாகும். இப்போது பல இடங்களில் ஆண் பெண் இரு பாலாரையும் கணக்கில் சேர்ப்பதும் உண்டு. எருசலேமை நோக்கி நிற்கவேண்டும் என்பதால், பம்பாயில் மேற்கு முகமாக நிற்பார்கள். இந்தப் பிரார்த்தனைகளில் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் மோசேயும் நாள்தோறும் நினைக்கப்படுகிறார்கள். ஆனால் வீட்டு மனிதரைப் போல உள்ளே வந்து உட்காருபவர் எலியா ஒருவரே. அவர் சாகவில்லை, அக்கினி ரதம் ஏறி வானத்துக்குப் போனார் என்பது வேதம். சாகாதவர் எந்தக் கணமும் திரும்பி வரலாமல்லவா? ஆகையால் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடக்கும்போது எலியாவுக்கென்று ஒரு நாற்காலி போடுகிறார்கள். பஸ்கா விருந்தில் உலகெங்கும் பல யூத வீடுகளில் அவருக்கென்று ஒரு கிண்ணம் நிரப்பி, வாசற்கதவைத் திறந்து வைக்கிறார்கள். சனிக்கிழமை இருட்டியதும், திராட்சைச் சாறும் வாசனைத் திரவியமும் தீபமும் வைத்து ஓய்வு நாளை வழியனுப்பும்போது அவர் பெயரைப் பாடுகிறார்கள்.

கொங்கணத்து யூதர்கள் இதோடு நிற்கவில்லை. எலியா வானேறியது எங்கள் ஊரிலிருந்தே என்று சொல்லிவிட்டார்கள்! அலிபாகுக்குச் சமீபத்தில் கண்டாலா என்ற கிராமத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் அவருடைய ரதத்தின் தடம் பதிந்திருப்பதாக நம்பி யாத்திரை போகிறார்கள். நண்பர் பிற்பாடு என்னை அங்கேயும் அழைத்துச் சென்றார். உண்மையைச் சொன்னால், என் கண்ணுக்கு அது மழைநீர் அரித்த பாறையாகவே பட்டது. ஆனால் ஊருக்கு ஊர் இராமர் பாதம் வைத்திருக்கும் நாட்டில் பிறந்தவன் வாயைத் திறக்கலாமா? மரங்களின் புத்தாண்டு என்று அவர்கள் கொண்டாடும் ஷெபாத் மாதப் பௌர்ணமியில் எலியாவுக்கு அவர்கள் எடுக்கும் விழாவின் பெயரைக் கேட்டுத்தான் நான் திடுக்கிட்டேன்: 'உரூஸ்.' நாகூர்ப் பக்கத்துக்காரனுக்கு அந்த வார்த்தையை யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தப் பௌர்ணமியும் பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டி, ஒரு நாள் இரண்டு நாள் முன் பின்னாக வரும்.

அன்று நண்பரின் வீட்டில் நடந்ததற்கு 'மலிதா' என்று பெயர். தரையில் வெள்ளைத் துணி விரித்து நடுவில் பெரிய தாம்பாளம். அதில் நனைத்துப் பிசிறிய வெல்ல அவல். மேலே தேங்காய்த் துருவல், ஏலப்பொடி, பாதாம், உலர்ந்த திராட்சை. அதைச் சுற்றி வாழைப்பழம், பேரீச்சை முதலான கனிகள். உச்சியில் ரோஜா இதழ்கள். ஆண்கள் தலையில் குல்லாயுடன் நின்றார்கள். எனக்கும் ஒரு குல்லாய் கிடைத்தது. எலியா நபியைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். பிறகு ஈசாக்கு தம் குமாரன் யாக்கோபுக்கு வழங்கிய ஆசியை ஓதினார்கள். வானத்துப் பனியும், நிலத்தின் கொழுமையும், மிகுந்த தானியமும் கிடைக்க வேண்டுமென்பது அதன் கருத்து என்று நண்பர் என் காதோடு சொன்னார். பின்னர், மரத்தில் விளைந்ததற்கு ஒரு துதி, மண்ணில் விளைந்ததற்கு ஒரு துதி, வாசனைக்கு ஒரு துதி என்று வகைவகையாய் ஆண்டவனுக்கு நன்றி கூறிவிட்டு, பிரசாதத்தை வழங்கினார்கள்.

பிழைத்து எழுந்த அந்த மூதாட்டியே என் கையில் ஒரு பிடி வைத்தார். எனக்கு உள்ளே இறங்கவில்லை. மண்ணின் கொழுமை, மிகுந்த தானியம் என்ற சொற்கள் காதில் நின்றன. காய்ந்த பயிருக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்திருக்கும் என் தகப்பனார் கண்ணில் நின்றார். அம்மையார் ஏதோ மராத்தியில் கேட்டார். "உடம்புக்கு என்ன என்கிறார்" என்றார் நண்பர். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி விழுங்கி வைத்தேன்.

அங்கேயே இன்னொன்றும் அறிந்தேன். மகாராஷ்டிர பக்தர்களின் கீர்த்தன முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவர்களும் கைக்கொண்டு, ஆபிரகாம், யோசேப்பு முதலியோரின் சரித்திரங்களை மராத்தியில் கதையாகப் பாடி வந்திருக்கிறார்கள். அதே கீர்த்தனந்தான் மராட்டிய மன்னர்களோடு தஞ்சைக்கு வந்து, தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கையில் நம் ஹரிகதையாக மலர்ந்தது. ஒரே வித்து, ஒரு பக்கம் துருவன், மறு பக்கம் யோசேப்பு.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் சாய்ந்திருந்தார். பேச்சுக்கு ஒரு விஷயம் வேண்டுமே என்று இந்த மலிதாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவல் என்ற வார்த்தை வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்தார். யார் இந்த எலியா என்று கேட்டார். நான் பாடம் நடத்தும் உற்சாகத்தில், ஆகாப் என்ற கெட்ட ராஜாவின் காலத்தில் எலியா அவன் முன் நின்று, இனி என் வாக்கில்லாமல் மழையும் இல்லை, பனியும் இல்லை என்று ஆணையிட்டதையும், மூன்றாம் வருஷம் வரையில் தேசம் வறண்டு கிடந்ததையும் விஸ்தாரமாய்ச் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் யாரிடம் என்ன கதையைச் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

அப்பா என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு, பல மாதங்களுக்குப்பின் முதல் தடவையாக, ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"ஏண்டா, மழையை நிறுத்தினவனுக்கா அவல் வைக்கிறான்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விடுமுறை முழுவதும் அந்தக் கேள்வி வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. ராஜா கெட்டவனென்றால் ராஜாவைத் தண்டிக்கட்டுமே, குடியானவன் வயலைக் காயவிடுவானேன் என்று சாப்பாட்டின்போது கேட்பார். "உன் யூதனைக் கேட்டு எழுது" என்று ரயிலடியிலும் ஞாபகப்படுத்தினார். கேள்விக்குப் பதிலில்லாவிட்டாலும், கேட்கிறாரே என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஓய்வறையில் நண்பரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை; மறுநாள் வந்து சொன்னார். "உங்கள் தகப்பனார் கேட்டது நியாயம். ஆனால் கதையில் அடுத்த வரியைப் பாருங்கள். எலியா ஓர் ஓடைக்கரையில் ஒளிந்திருந்தார். காகங்கள் உணவு கொண்டுவந்தன. மழை இல்லாததால் அந்த ஓடையும் வற்றியது. அவர் இட்ட ஆணை அவரையும் விடவில்லை. பிறகு சாறிபாத் என்ற ஊரில் ஒரு ஏழை விதவையிடம் போய்த் தண்ணீரும் அப்பமும் யாசித்தார். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். அதை அவருக்குக் கொடுத்தாள். பஞ்சம் தீரும்வரை அந்த மாவும் குறையவில்லை, எண்ணெயும் குறையவில்லை. நாங்கள் மழையை நிறுத்தியவரை உபசரிப்பதாக நினைப்பதில்லை. பசியோடு வாசலில் நின்றவரை உபசரிக்கிறோம்."

இதை அப்படியே அப்பாவுக்கு எழுதினேன். பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. க்ஷேமம், மாடு கன்று போட்டிருக்கிறது என்ற செய்திகளுக்கு அடியில், 'அவனுக்கும் வாய்க்கால் வற்றியது என்றால் சரி' என்று எழுதியிருந்தார்.

இங்கே எலியா தமிழுக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அவர் வந்து இறங்கியதும் நம் தஞ்சைச் சீமையில்தான். 1620இல் இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்கு இடம் கொடுத்த தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்து, வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ரூத் வரையில் வந்து 1719இல் காலமானார். அதற்குப் பின்னுள்ள இராஜாக்களின் ஆகமங்களில்தான் எலியாவின் கதை வருகிறது; அதைத் தமிழாக்கி முடித்தவர் அவருக்குப்பின் வந்த சூல்ட்சே. தீர்க்கதரிசி என்றால் தூரத்தைப் பார்ப்பவர். எபிரேயத்தில் 'நபி' என்ற சொல்லுக்கோ அழைக்கப்பட்டவர், அறிவிப்பவர் என்று பொருள் கூறுவர். நாகூரில் நாம் கேட்கும் நபி என்ற அரபுச் சொல்லும் அதன் உடன்பிறப்பே. இஸ்லாமியர் அதே எலியாவை இல்யாஸ் நபி என்று போற்றுகிறார்கள். சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்ததாக அதே இராஜாக்களின் ஆகமம் சொல்லும் மயிலுக்கு எபிரேயத்தில் உள்ள 'துகி' என்ற பெயர், நம் 'தோகை'யிலிருந்து போனதென்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். தோகை அங்கே போனதற்கு ஈடாக எலியா இங்கே வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 2013ஆம் வருஷம் ஆகஸ்டு 2ஆம் தேதி மேட்டூர் திறந்தது. "வந்துடுத்துடா" என்ற டெலிபோனும் வந்தது. புரட்டாசியில் நண்பர் என்னைத் தம் ஜபாலயத்துக்கு அழைத்தார். கூடாரப் பண்டிகை முடிந்த மறுநாள், எட்டாம் நாள் திருச்சபை என்று ஒரு திருநாள். அன்று மழைக்காக விசேஷப் பிரார்த்தனை உண்டு. அன்று முதல் பஸ்கா வரையில், காற்றை வீசச் செய்து மழையைப் பெய்விப்பவன் என்று ஆண்டவனை நித்திய பிரார்த்தனையில் குறிப்பிடுவார்கள். அந்த மழைப் பாட்டில் ஒவ்வொரு முன்னோரையும் தண்ணீர் சம்பந்தமான ஒரு செய்கையால் நினைவூட்டி, அவர் பொருட்டுத் தண்ணீரைத் தடுக்காதே என்று கேட்கிறார்கள். யாக்கோபு கிணற்று வாயிலிருந்த கல்லைப் புரட்டியவர். மோசே நாணற்பெட்டியில் நீரிலிருந்து எடுக்கப்பட்டவர். பன்னிரு கோத்திரத்தாரோ கடல் பிளக்க நடந்தவர்கள். ஆண்டவனிடம் சிபாரிசுக் கடிதம் கொண்டுபோவது போலத்தான். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் ஈரம் இருக்கிறது.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பம்பாயில் மழை ஓய்ந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே மழைக்காலம் ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு தீர்ந்துபோகும். பிரார்த்தனையோ எருசலேமின் பருவத்துக்கு ஏற்பட்டது. "ஸார், கொங்கணத்தில் இத்தனை தலைமுறையாக மழை போன பிறகு மழைக்கு வேண்டுகிறீர்களே. உண்மையில் இது எங்கள் ஊருக்கு அல்லவா பொருத்தம்? ஐப்பசியில்தானே எங்களுக்கு அடைமழை!" என்றேன். நண்பர் ஒரு நிமிஷம் யோசித்து, "அப்படியானால் பாதியை உங்கள் தகப்பனாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பாதிதான் வந்தது போலிருக்கிறது. அவ்வருஷம் வடகிழக்குப் பருவமழை சொற்பமே. ஆனாலும் அணைத் தண்ணீரில் சம்பா கரையேறிற்று.

2014 கோடையில் ஊருக்குப் போனபோது, கூடத்தில் ஒரு துணிமூட்டை தயாராக இருந்தது. அப்பா இரண்டு மாவில் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தார். அந்த நெல்லை ஊற வைத்து, வடித்து, வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் இடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று புடைக்க வைத்திருக்கிறார். சிவப்பு அவல், நாலு படி இருக்கும். "மில் அவல் காகிதம் மாதிரி இருக்கும். அவனுக்கு இதைக் கொடு" என்றார். எவனுக்கு? நண்பருக்கா, எலியாவுக்கா? இருவருக்குமாக எடுத்துக்கொண்டேன்.

அது நல்ல சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தது. நண்பர் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விடத் தீர்மானித்திருந்தார். 1948ஐ ஒட்டி இந்தியாவில் இருபதாயிரம் பேர் வரையில் இருந்த இந்த வகுப்பில் இன்று இங்கே இருப்பவர் சில ஆயிரம் பேரே. போனவர்களுக்கும் அங்கே ஆரம்பத்தில் வரவேற்பு சுகமாக இல்லை. இவர்கள் கலப்பில்லாத யூதர்கள்தானா என்று அங்குள்ள மத குருமார் கலியாண விஷயத்தில் தடை கிளப்பி, போராட்டம் நடந்து, 1964இல்தான் எல்லா விதத்திலும் யூதர்களே என்று அந்த அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கடலோடு புத்தகம் போனபின்பும் சனிக்கிழமையை விடாதவர்களைப் பார்த்து இப்படியும் ஒரு கேள்வி!

புறப்படுமுன் வீட்டில் கடைசி மலிதா நடந்தது. தாம்பாளத்தில் எங்கள் குடமுருட்டி அவல். மூதாட்டி ஒரு பிடி வாயில் போட்டுப் பார்த்து, நிறம் விநோதமாக இருக்கிறதென்றும், இன்னும் ஒரு நாழிகை ஊறியிருக்கவேண்டுமென்றும், ருசி இருக்கிறதென்றும் வரிசையாகத் தீர்ப்புக் கூறினார். இந்தத் தடவை எனக்குத் தயக்கமின்றி இறங்கியது. மிச்சத்தில் ஒரு சிறு பொட்டலம் கட்டி அவர் தம் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். மறு வருஷம் நானும் உத்தியோகம் மாற்றிக்கொண்டு தஞ்சைக்கே திரும்பிவிட்டேன்.

2019ஆம் வருஷம் ஐப்பசியில் ஓர் இரவு, முற்றத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது டெலிபோன் மணி அடித்தது. நண்பர் அஷ்தோத் நகரத்திலிருந்து பேசினார். அன்று அங்கே எட்டாம் நாள் திருநாள். அந்தி சாய்ந்து திருநாள் முடிந்த பிறகே டெலிபோனைத் தொட்டாராம். தாயார் காலமாகி இரண்டு வருஷமாயிற்று என்றார். அங்கே இந்தியக் கடைகளில் அவல் பொட்டலம் கிடைக்கிறதாம், வெள்ளை அவல்தானாம்.

"மழைப் பிரார்த்தனை இன்று காலையில் ஆயிற்று. இங்கே இன்னும் ஒரு துளி இல்லை. அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மழைதான்" என்றேன்.

ஊஞ்சலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். "யாரு, அந்த எலியாக்காரனா? இங்கே கிளம்பிடுத்து, அங்கேயும் வரும்னு சொல்லு. அவல் எத்தனை படி வேணும்னு கேளு" என்றார்.